மாட்டு டாக்டரின் இடைவெளிகள்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அண்ணன் மோட்டாரைத் திட்டினான், அண்ணி அண்ணனைத் திட்டினாள், நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான். காதை மூடிக்கொண்டால் வேலை பார்க்கிறாள் என்று விட்டுவிடுவார்கள்.

புதிதாக ஒரு வேலை வந்திருக்கிறது. சென்னையில் ஒரு கம்பெனி, விவசாயிகளுக்கு செல்போனில் ஆலோசனை சொல்கிற செயலி நடத்துகிறது. ஆடு மாடு பற்றி ஒரு கால்நடை டாக்டர் பேசி அனுப்புவார். அதில் பேச்சில்லாத இடத்தையெல்லாம் வெட்டி எட்டு நிமிஷத்துக்குள் அடக்கித் தரவேண்டியது என் பொறுப்பு. மேனேஜர் ஜெயசீலன் போனில், "ஆளு விஷயம் தெரிஞ்சவர் மேடம். ஆனா பேச்சு கொஞ்சம்... நீங்களே கேளுங்க" என்றார்.

கேட்டேன். டாக்டர் சென்னியப்பன், காங்கேயம் பக்கம் ஒரு கிராமத்து மருந்தகம். "வணக்கம்" என்றார். நான் எழுந்துபோய் அடுப்பில் பாலை இறக்கி வைத்துவிட்டு வந்தேன். அப்போதுதான் "நான்" என்கிறார்.

ஜூன் 5, வியாழன்

இந்த மனிதரின் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் உறையூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய்த் திரும்பிவிடலாம். கம்ப்யூட்டர் திரையில் பேச்சு மேடு மேடாகத் தெரியும், பேசாத இடம் தட்டைக் கோடு. மற்றவர்களுக்கு மேடுதான் அதிகம். இவருக்குப் பெரும்பாலும் கோடு.

தானாகவே வெட்டுகிற வசதி சாஃப்ட்வேரில் இருக்கிறது. எவ்வளவு நேரத்துக்கு மேல் சத்தமில்லையோ அதையெல்லாம் எடுத்துவிடு என்று சொன்னால் போதும், ஒரே அமுக்கில் முடிந்துவிடும். மற்ற எல்லோருக்கும் அதைத்தான் போடுகிறேன். இவருக்கு மட்டும் கையால் வெட்டுகிறேன். மொத்தமாக எடுத்தால் நாய் துரத்தி ஓடிவருகிறவர் மாதிரி கேட்கிறது, இவர் அப்படிப்பட்டவர் இல்லை. அங்கங்கே கொஞ்சம் மூச்சு விட இடம் வைத்தால்தான் அவராகத் தெரிகிறார். தொழில் சுத்தம், வேறொன்றும் இல்லை.

ஜூன் 9, திங்கள்

இடைவெளி என்றால் ஒன்றுமில்லாதது என்று நினைத்திருந்தேன். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டால் அதற்குள்ளே ஒரு குடித்தனமே நடக்கிறது. அணில் கத்துகிறது. யாரோ வாளியை இழுக்கிறார்கள். டீயை ஊதிக் குடிக்கிறார். வெளியே கட்டியிருக்கும் மாடு கத்தினால் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி, "கொஞ்சம் பொறு அம்மிணி" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் குளம்பு நோய்க்கு வருகிறார்.

வெட்டி எடுத்த துண்டுகளைத் தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கிறேன். பின்னால் ஏதாவது தேவைப்பட்டால் வேண்டுமே.

மதியம் அண்ணி கொத்தவரங்காயோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யாரு மங்கை அது, நாள் பூரா காதுல மாட்டிக்கிட்டுச் சிரிக்கிறே?"

"மாட்டு டாக்டர் அண்ணி."

"மாட்டுக்கு என்னவாம்?"

"கழிச்சல்."

"அதுக்கா சிரிக்கிறே?"

நாலு கொத்தவரங்காயை எடுத்துக் கிள்ளினேன்.

ஜூன் 14, சனி

தெப்பக்குளத்துக் கடைத்தெருவில் அவருடைய தங்கையைப் பார்த்தேன். அவர் என்றால், நான் விட்டுவிட்டு வந்த மனுஷன். நன்றாக இருக்கிறாராம். இருக்கட்டும்.

என்ன குறை கண்டு வந்தாய் என்று கேட்டவர்களுக்கு என்னால் சொல்லவே முடிந்ததில்லை. அடிக்கவில்லை, குடிக்கவில்லை. கோபம் வந்தால் பேசமாட்டார், அவ்வளவுதான். ஒரு தரம் தீபாவளிக்கு ஆரம்பித்தது கார்த்திகை தீபம் வரை போனது. என்ன கோபம் என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. நான் சமையலறையில் பேசினேன், கூடத்தில் பேசினேன், காய்கறிக்காரரிடம் வேண்டுமென்றே சத்தமாகப் பேசினேன். வாய் ஓய்ந்தால் அந்த வீடு என்னை விழுங்கிவிடும் போலிருந்தது. அன்றிலிருந்துதான் எனக்கு இந்த ரயில் வேகப் பேச்சு.

சாயங்காலம் டாக்டரின் மடிவீக்கம் பற்றிய பேச்சை எடுத்து வைத்தேன். "பால் கறக்கும் முன்பு" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். இவர் நிறுத்தினால் எனக்குப் பயம் வருவதில்லை. எப்படியும் ஒரு நல்ல விஷயத்தோடு திரும்பி வருவார். நமக்குச் சம்பந்தமில்லாத ஆள் என்பதால் இருக்கும்.

ஜூன் 18, புதன்

டாக்டரிடமிருந்து இன்று எதுவும் வரவில்லை. அவர் பக்கம் நெட் சரியில்லையோ என்னவோ. இட்லிக்கு ஊறப்போட மறந்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

குடற்புழு மருந்து பற்றிய பேச்சு வந்தது. நடுவில், வழக்கமான ஒரு நீள இடைவெளியில், ஒரு பெண் குரல்.

"ஏனுங்க, டீ ஆறுதுங்களே."

அவர் மைக்கை விட்டுத் தள்ளி, "வர்றனுங்க" என்கிறார். அவ்வளவு பதமாக.

நம் பக்கம் 'என்னங்க' என்று எந்தப் பெண் யாரைக் கூப்பிடுவாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் 'ஏனுங்க' போலிருக்கிறது. நல்லது. டாக்டருக்குக் குரலை வைத்துப் பார்த்தால் நாற்பத்தைந்து இருக்கும், அந்த வயதில் ஒருவருக்குப் பெண்டாட்டி இருப்பதும் அவள் டீ போட்டுக் கொடுப்பதும் உலக அதிசயமா. இதை ஏன் எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை.

மழைக்கு முன்னால் மீதி ஐந்து பேச்சும் வேண்டும் என்று ஜெயசீலன் அவசரப்படுத்தினார். இந்தாருங்கள் என்று எல்லாவற்றையும் தானாக வெட்டுகிற வசதியில் தூக்கிப் போட்டேன். நொடியில் பத்தில் ஒரு பங்கு சத்தமில்லை என்றால்கூட எடுத்துவிடு என்று வைத்தேன். அவ்வளவு குறைவாக நான் யாருக்கும் வைத்ததில்லை. இனிமேல் இவருடைய இடைவெளி எதிலும் நான் போய் உட்காரப் போவதில்லை. திருப்பிக் கேட்காமலேயே அனுப்பிவிட்டேன். தலைவலி.

ஜூன் 20, வெள்ளி

ஜெயசீலனுக்கு ஒரே சந்தோஷம். "இப்பத்தான் மேடம் டாக்டர் ஸ்பீடா இருக்கார்" என்றார். பொங்கல் வைத்திருந்தாள் அண்ணி. எனக்கு இறங்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

மதியம் ஜெயசீலன் கூப்பிட்டார். குரல் சரியில்லை.

"மேடம், பெரிய பிரச்சினையாயிருச்சு. குடற்புழு மருந்து எபிசோடுல டாக்டர் தப்பாச் சொல்லிட்டார். 'கரைச்ச மருந்து மிச்சம் இருந்தா கொடுங்க'ன்னு சொல்லியிருக்கார். அவங்க ஊர்ப் பக்கமே நாலு வீட்டுல மிச்சத்தையும் புகட்டி, ஆடெல்லாம் படுத்துருச்சு. டாக்டர்தான் ஓடி ஓடிப் பாத்துக்கிட்டிருக்கார்."

"கொடுங்கன்னா சொன்னார்?"

"நானே கேட்டேன். அவருக்கும் போட்டுக் காட்டினோம். 'என் வாய்தான், நான்தான் தப்பாச் சொல்லியிருக்கேன், இனிமே பேசலை'ன்னுட்டார். அவர் வாய் தவறிருச்சுன்னு ஒரு அறிவிப்புப் போட்டுட்டு வேற ஆளைப் பாக்கலாம்னு இருக்கோம். திங்கட்கிழமை மீட்டிங். பாவம், நல்ல மனுஷன்."

போனை வைத்துவிட்டு டாக்டர் அனுப்பிய மூலப் பதிவைத் திறந்தேன். அந்த இடத்துக்குப் போனேன். "கரைச்ச மருந்து மிச்சம் இருந்தா, வச்சிருக்காம கொட்டுங்க." கொட்டுங்க. கீழே கொட்டச் சொல்கிறார். அப்புறம் நான் அனுப்பியதைக் கேட்டேன். கொடுங்க.

திரையில் அந்த ஒரு வார்த்தையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'கொ'வுக்கு ஒரு மேடு, 'டு'வுக்கு ஒரு மேடு, நடுவில் தட்டைக் கோடு. அந்தக் கோடுதான் 'ட்'. நானே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். 'ட்' சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, காற்று வெளியே வரவில்லை, சத்தமே இல்லை. வேகமாகப் பேசுகிறவர்கள் வாயில் அது கண் சிமிட்டும் நேரம்கூட நிற்பதில்லை, இயந்திரத்திடமிருந்து தப்பித்துக்கொள்ளும். இவர் ஒவ்வொரு ஒற்றையும் நிறுத்தி, எழுதுகிற மாதிரி சொல்கிறவர். இயந்திரம் வெறும் இடம் என்று நினைத்து எழுத்தைத் தின்றுவிட்டது.

ஐந்து பேச்சையும் கேட்டேன். ஆடுகளைப் பட்டியில் அடைக்கச் சொன்னவர், படியில் அடைக்கச் சொல்கிறார். கிராம மக்கள் கிராம மகள் ஆகியிருக்கிறார்கள். அக்கா அகா ஆகியிருக்கிறாள். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

ஜூன் 28, சனி

ஜெயசீலனைக் கூப்பிட்டு, தப்பு டாக்டருடையது இல்லை, என்னுடையது என்றேன். மூலத்தையும் அனுப்பினேன். கேட்டுவிட்டு அவரே திரும்பக் கூப்பிட்டார்.

"மேடம், புரியுது. ஆனா எடிட்டிங்ல தப்புன்னு வெளிய சொன்னா, மத்த எபிசோடு எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. அவரே ஒத்துக்கிட்டாரே. விட்டுருங்க."

"அவர் சொல்லாததைச் சொன்னேன்னு ஒத்துக்கிட்டிருக்கார் சார்."

"யாரும் கேக்கப் போறதில்ல மேடம். உங்களுக்கும் வேலை இருக்கும்."

அண்ணியிடம் சொன்னேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். "கைவேலையாச் செய்யறவ, அன்னைக்கு மட்டும் ஏன் மிஷின்ல போட்டே?" என்றாள். தலைவலி என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மறுபடி கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

அந்த மனிதர் தன் நாக்கையே நம்பாமல் உட்கார்ந்திருப்பார் என்று நினைக்க நினைக்க எனக்குத் தாங்கவில்லை. ஊரில் அவர் சொல்வதை நம்பித்தான் மாட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அந்த நம்பிக்கையை நான் ஒரு பாழாய்ப்போன கோபத்தில் வெட்டிப் போட்டுவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

கூப்பிட்டேன். நம்பரை யாரும் தரவேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு பேச்சின் கடைசியிலும் மருந்தகத்து நம்பரை அவரே சொல்வார். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் வெட்டி வெட்டி எனக்கு அது மனப்பாடம்.

"சென்னியப்பனுங்க" என்றார். அந்தக் குரல் நேராக என்னிடம் பேசியதும் எனக்கு ஒரு நிமிஷம் என் பேரே மறந்துவிட்டது. அப்புறம் வழக்கம் போல வண்டியைக் கிளப்பிவிட்டேன். நான் மங்கையர்க்கரசி, திருச்சி, உங்கள் பேச்சை வெட்டுகிறவள், நீங்கள் கொட்டுங்க என்றுதான் சொன்னீர்கள், நான்தான் ஏதோ கோபத்தில் மிஷினில் போட்டேன், அது ஒற்றைத் தின்றுவிட்டது, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, ஆடுகளுக்கு என்ன ஆனது, என்னை மன்னித்துவிடுங்கள். மூச்சு விட்டேனா என்பது சந்தேகம்.

முடித்தேன். அந்தப் பக்கம் சத்தமில்லை.

கோபம்தான் என்று நினைத்தேன். மனிதர்கள் எதிரில் இருந்துகொண்டு பேசாமலிருந்தால் எனக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான். இன்னும் நாலு வார்த்தை சொல்லி அந்த இடத்தை அடைத்துவிட வாய் துடித்தது. போனை வைத்துவிடலாமா என்றும் இருந்தது. அப்போது அவருடைய மூச்சு கேட்டது. அந்த மூச்சு எனக்குத் தெரியும், தினமும் திரையில் பார்க்கிறேனே. வார்த்தையைத் தேடும்போது விடுகிற மூச்சு அது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

"ஏனுங்க" என்றார் கடைசியில். "அப்ப நான் கொட்டுங்கன்னுதான் சொன்னனுங்களா?"

"கொட்டுங்கன்னுதான் டாக்டர் சொன்னீங்க. அவ்வளவு தெளிவா."

"நாலஞ்சு நாளா வாயத் தொறக்கவே பயந்துட்டு இருந்தனுங்க. ஒரு மாத்திரை பேரு சொல்லோணும்னாக்கூட, காயிதத்துல எழுதித்தான் குடுத்தனுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. மூலத்தை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். இன்னொரு தரம் போடச் சொன்னார். மூன்றாவது தரமும் கேட்டுவிட்டு, "நல்லாத்தானுங்க சொல்லியிருக்கறன்" என்றார், யாரோ அன்னியரைப் பாராட்டுகிற மாதிரி.

"ஆடுங்க?"

"எல்லாம் எந்திரிச்சு மேயுதுங்க. ஒண்ணு மட்டும் இன்னைக்குக் காலையிலதான் தீவனத்துல வாய் வெச்சுது."

என்னைத் திட்டுங்கள் என்றேன். இடைவெளி. "திட்டறதுன்னா நெம்ப நேரமாகுமுங்களே" என்றார்.

அதற்குள் அவர் பக்கம் யாரோ மாட்டோடு வந்துவிட்டார்கள். முகத்தைத் திருப்பி, "ஏனுங்க மாரப்பண்ணா, கயித்த விட்டுறாதீங்க" என்றார். ஒரு ஆம்பளையைப் பார்த்து ஏனுங்க என்கிறார். என் காதில் நன்றாக விழுந்தது.

"டாக்டர், உங்க ஊருல ஏனுங்கன்னு யார வேணாலும் கூப்பிடலாமா?"

"கூப்பிடலாமுங்க. பஸ்ஸு கண்டக்டரைக்கூட அப்புடித்தான் கூப்பிடுவோம். ஏனுங்க?"

"சும்மாதான். அன்னைக்கு யாரோ டீ ஆறுதுன்னாங்க."

"அது மருந்தகம் கூட்டற சரசக்காங்க. ஊட்டுல நான் ஒருத்தன்தானுங்க, டீக்கு ஆளேது. நீங்க அதையெல்லாமுங் கேப்பீங்களா?"

"கேட்டாத்தானே வெட்ட முடியும்" என்றேன், ரொம்பக் கண்டிப்பாக.

போனை வைத்த கையோடு ஜெயசீலனுக்கு எழுதினேன். எடிட்டிங்கில் நேர்ந்த பிழை என்று கம்பெனி அறிவிக்காவிட்டால், மூலத்தை அந்த நாலு வீட்டுக்காரர்களுக்கும் நானே அனுப்பிவிடுவேன் என்று. வேலை போனால் போகட்டும்.

ஜூலை 2, புதன்

அறிவிப்பு வந்துவிட்டது. "ஒலித்தொகுப்பில் ஏற்பட்ட பிழை, டாக்டர் சரியாகவே கூறியிருந்தார்." வேலை போகவில்லை. ஜெயசீலன் என்னோடு கொஞ்சம் விறைப்பாகப் பேசுகிறார், பேசட்டும். ஐந்து பேச்சையும் மறுபடி கையால் செய்கிறேன். எட்டு நிமிஷம் முடியாது, பத்து ஆகும் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

புது ரெகார்டிங் வந்தது, கோமாரித் தடுப்பூசி. பழைய குரல், பழைய நிதானம். அண்ணி இன்று வாய்விட்டே கேட்டாள், மாட்டு டாக்டர் தேவலையாகிவிட்டாரா என்று.

ஜூலை 6, ஞாயிறு

சாயங்காலம் மொட்டைமாடியில் வடகத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது போன். அவர்தான்.

"ஏனுங்க, வேலையா இருக்கறீங்களா?"

இல்லை என்றேன். வடகத் துணியை அப்படியே போட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரோரம் போய் உட்கார்ந்தேன். கோமாரி பேச்சு எப்படி இருந்தது என்று கேட்டார். நான் நன்றாக இருந்தது என்பதில் தொடங்கி, இரண்டாம் தவணையைச் சொன்ன இடத்தில் மயில் கத்தியது, அதை எடுக்க மனசில்லாமல் விட்டிருக்கிறேன், எங்கள் பக்கம் மயில் கிடையாது, காக்காய்தான் என்று எங்கோ போய் நின்றேன்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா" என்றார். "ஏனுங்க நீங்க இத்தனை வேகமாப் பேசறீங்க?"

யாரும் இதை என்னிடம் கேள்வியாகக் கேட்டதில்லை. குறையாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

"நடுவுல நிறுத்தினா எதிர்ல இருக்கறவங்க எந்திரிச்சுப் போயிருவாங்களோன்னு பயம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் யோசித்தார். நான் காத்திருந்தேன்.

"நான் மெதுவான ஆளுங்க" என்றார். "எந்திரிச்சுப் போறதுக்குள்ளயே பொழுது உழுந்துரும்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ரெகார்டிங்கில் அவர் சிரித்ததே இல்லை.

"இன்னொண்ணுங்க. ஒரு வாரமா யோசிச்சுட்டே இருக்கறன். அன்னைக்கு ஏதோ கோவத்துல மிஷின்ல போட்டேன்னு சொன்னீங்களே." நிறுத்தினார். கீழே தெருவில் ஒரு ஆட்டோ போயிற்று. "அந்தக் கோவத்துக்கும், சரசக்கா டீ ஆறுதுன்னு சொன்னதுக்கும், ஏதாச்சும் சம்பந்தமிருக்குங்களா?"

ஆமாம் என்பதா, இல்லை என்பதா, போங்கள் டாக்டர் என்பதா. ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை. அந்தப் பக்கம் அவர் மூச்சு, இந்தப் பக்கம் என் மூச்சு.

வடகத்தை எடுக்கப்போன ஆளைக் காணோமே என்று அண்ணி படியேறி வந்துவிட்டாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்ன மங்கை, லைன் கட்டாயிருச்சா?"

"இல்ல அண்ணி" என்றேன். "பேசிக்கிட்டிருக்கோம்."